லக்கலைக்கு வேலைக்குப் போகும் மருமகளுக்கு

கண்ணு,

அடுத்த வாரம் நீ ரிவர்ஸ்டன் மலையைத் தாண்டி லக்கலைக்கு வேலைக்குப் போகிறாயாம். தங்கச்சி போனில் சொன்னாள். "கொம்பியூட்டர் வேலை" என்பதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கந்தோர், அதில் பத்துப் பன்னிரண்டு கணினிகள். இந்தப் பக்கம் மாத்தளையில் ஒரு தரவுத்தள சேர்வர். காலை எட்டரைக்கு உன் மேசையைத் தேடி வரும் ஒரு முகம்: "மிஸ், உள்ளுக்கு விடுதில்லையே."

முப்பது வருடம் அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் ஓடியவன் நான். ஓடியதில் பாதி வீண் ஓட்டம். கட்டளைகளையெல்லாம் நீ புத்தகத்தில் படித்துக்கொள்வாய், என்னைவிட நன்றாகவே படிப்பாய். ஆனால் மாமாவின் பிழைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மறுப்பை முழுதாகப் படி.

"லொகின் ஆகுதில்லை" என்பது முறைப்பாடு. என்ன நடந்தது என்பது திரையில் எழுதியிருக்கும். அதைச் சொல்லுக்குச் சொல் வாசிக்கச் சொல்லிக் கேள். நான் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மாத்தளையில் ஒரு சிறு நிறுவனம். ஒரு கணினியிலிருந்து உள்ளே போக முடியவில்லை என்று போன் வந்தது. கடவுச்சொல் மறந்திருப்பார்கள் என்று நானாகவே முடிவு கட்டி, சேர்வரில் அதை மாற்றிவிட்டேன். அந்தக் கணினியில் உண்மையான நோய், எலி கடித்த கேபிள். மற்ற எட்டுக் கணினிகளும் அதே பெயரில், அதே கடவுச்சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் எல்லாம் நின்றன. ஒரு கணினியின் நோயை ஒன்பதுக்கும் பரப்பிய வைத்தியன் என்று கொஞ்ச நாள் எனக்குப் பெயர்.

மறுப்பில் வகை உண்டு. உடனே "தொடர்பு மறுக்கப்பட்டது" என்று வந்தால், அந்த இயந்திரம் உயிரோடு இருக்கிறது, நீ தட்டிய கதவுக்குப் பின்னால்தான் யாரும் இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, மைஎஸ்கியூஎல் என்றால் 3306, மைக்ரோசொப்ட்டின் சேர்வர் என்றால் 1433, இவைதான் வழக்கமான கதவிலக்கங்கள். நெடுநேரம் மௌனமாக இருந்து கடைசியில் "நேரம் கடந்துவிட்டது" என்றால், பெரும்பாலும் பயர்வோல் விழுங்கியிருக்கும், அல்லது பாதையே அறுந்திருக்கும். "உன் முகவரிக்குப் பதிவு இல்லை" என்றால் சேர்வர் உன்னைப் பார்த்துவிட்டது. "கடவுச்சொல் பிழை" என்றால் அநேகமாக நீ திண்ணை வரைக்கும் வந்துவிட்டாய். அந்தச் செய்தியைக் கண்டு முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வாசல் தாண்டியதற்கு அது அத்தாட்சி என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

2. பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள்.

உன் பாட்டியோடு விடியற்காலையில் நானும் தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்குப் போயிருக்கிறேன். கணக்கப்பிள்ளை செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுவார். எந்த மலை, எந்தக் கங்காணியின் ஆள், முழுப் பேரா அரைப் பேரா, எல்லாம் அதில் இருக்கும். செக்ரோலில் பெயர் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல கொழுந்து பறிக்கிறவளாக இருந்தாலும் திரும்பி நடக்க வேண்டியதுதான்.

போஸ்ட்கிரெஸில் பிஜி எச்பிஏ என்றொரு கோப்பு உண்டு. அதுதான் அந்த செக்ரோல். எந்த முகவரியிலிருந்து, எந்தப் பெயரில், எந்தத் தரவுத்தளத்துக்கு, எப்படிப்பட்ட சோதனைக்குப் பிறகு விடலாம் என்று வரி வரியாக இருக்கும். சேர்வர் மேலிருந்து கீழே படிக்கும். உனக்குப் பொருந்துகிற முதல் வரி எதுவோ அதோடு நின்றுவிடும். அந்த வரி கேட்கும் சோதனையில் நீ தோற்றால், அடுத்த வரியில் அதிர்ஷ்டம் பார்க்க விடாது. புதிதாக வருகிறவர்கள் கோப்பின் அடியில் போய் அழகாக ஒரு வரி சேர்த்துவிட்டு, "சேர்த்தேனே, வேலை செய்யவில்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். மேலே எங்கோ ஓர் அகலமான வரி ஏற்கெனவே அவர்களைப் பிடித்திருக்கும். நான் அப்படி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். ஆகவே நீ எதையும் சேர்க்கும் முன், இருப்பதை மேலிருந்து வாசி. புது வீட்டுக்குப் போன மருமகள் முதல் நாளே அடுப்பை இடம் மாற்றமாட்டாள் அல்லவா?

3. ஊர் நகர்ந்தால் முகவரியும் நகரும்.

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். இது நீ போகிற ஊரின் கதை.

களு கங்கையை மறித்து அணை கட்டியபோது பழைய லக்கலை நகரம் நீருக்கு அடியில் போக வேண்டியதாயிற்று. 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். கடை, பாடசாலை, கந்தோர் எல்லாவற்றுக்கும் மேட்டில் புதிய நகரம் அமைத்து மக்களைக் குடிமாற்றினார்கள். நீ போய் இறங்கப் போவது அந்தப் புதிய நகரத்தில். நேரான வீதிகள், புதுச் சுவர்கள், பழைய மனிதர்கள். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார், கையை நீட்டித் தண்ணீரைக் காட்டி "அங்கேதான் எங்கள் வீடு" என்பார்கள்.

குடிமாறிய கந்தோர்களில் ஒன்றிலிருந்துதான் எனக்கு அழைப்பு வந்தது. பெயர் உனக்கு வேண்டாம். புதிய கட்டடத்தில் எல்லாம் சரி, மாத்தளை சேர்வர் மட்டும் உள்ளே விடவில்லை. நான் கேபிள் சோதிக்கும் கருவி, உதிரி நெட்வேர்க் அட்டை, ஒரு ரவுட்டர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு ரத்தோட்டையில் பஸ் ஏறினேன். ரிவர்ஸ்டனில் வழக்கம்போல் மூடுபனி, ஆளைத் தள்ளும் காற்று. அங்கே நிற்கும் கோபுரத்தைப் பார்த்து, "இந்தக் காற்றில் எந்த இணைப்புத்தான் நிற்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஞானம் பேசினேன். பிட்டவல பத்தனையும் இலுக்கும்புரவும் தாண்டி, குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தேன்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மறுப்புச் செய்தியைப் பார்க்கிறேன். "192.168.20.14 என்ற முகவரிக்கு, இந்தப் பயனருக்கு, இந்தத் தரவுத்தளத்துக்குப் பதிவில் வரி இல்லை" என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறது. பழைய கட்டடத்தில் முகவரிகள் 192.168.1 என்று தொடங்கின. புதிய ரவுட்டர் 20 என்று கொடுக்கிறது. செக்ரோலில் இருந்ததோ தண்ணீருக்குள் போய்விட்ட கந்தோரின் முகவரி. ஊரையே மாற்றிக் கட்டியவர்கள் அந்த ஒரு வரியை மறந்துவிட்டார்கள். மறந்தவர்களில் நானும் ஒருவன், அந்தக் கோப்பை எழுதியதே நான்தான். சேர்வர் மாத்தளையில், என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில். போனில் அந்த வரியை வாசிக்கச் சொல்லியிருந்தால் மலை ஏறியே இருக்க வேண்டாம்.

அவமானம் அதோடு முடியவில்லை. சேர்வருக்குள் புகுந்து புதிய வரியை எழுதினேன். மறுபடியும் அதே மறுப்பு. எழுத்துப் பிழை தேடினேன், வரியை அழித்து மீண்டும் எழுதினேன். ஒரு தேநீர் குடித்த பிறகுதான் நினைவு வந்தது: கோப்பை மாற்றினேனே தவிர, அதை மறுபடி வாசிக்கும்படி சேர்வரிடம் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை காலையில் வாசித்த செக்ரோலை மனதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இரவில் நீ பெட்டிக்குள் வைத்த புதுத் தாள் அவருக்கு எப்படித் தெரியும்? மறுவாசிப்புக் கட்டளை ஒன்று போதும், சேர்வரை நிறுத்தி எழுப்பத் தேவையில்லை. ஆனால் எந்த முகவரிகளில் காது கொடுத்துக் கேட்பது என்ற அமைப்பை மாற்றினால் நிறுத்தித்தான் எழுப்ப வேண்டும். புதிதாக நிறுவிய போஸ்ட்கிரெஸ் தன் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே காது கொடுக்கும், வெளியிலிருந்து நீ எவ்வளவு தட்டினாலும் கேட்காது. மறுவாசிப்பையும் நிறுத்தி எழுப்புவதையும் குழப்பிக்கொள்ளாதே.

4. கைப்பிடியை விடாமல் கதவை மாற்று.

இந்தக் கோப்பைத் தொடும்போதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஓர் இணைப்பை மூடாமல் வை. அமைப்பு மாறினாலும் உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பார். நுழைய முடிந்தால்தான் முதல் சாளரத்தை மூடலாம். கோப்புக்கு ஒரு நகல் எடுக்காமல் ஓர் எழுத்தும் மாற்றாதே, நகலின் பெயரில் தேதியை எழுது.

பிழையான வரியோடு மறுவாசிப்புச் சொன்னால் போஸ்ட்கிரெஸ் பழையதையே வைத்துக்கொண்டு, பதிவுக் கோப்பில் முனகிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும். நீ சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவாய். ஒரு நாள் மின்சாரம் போய் வரும்போது அது எழும்பவே மறுக்கும். பத்தாம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பின் வரிகளையும் பிழைகளையும் காட்டும் ஒரு அட்டவணை உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் அதைப் பார்.

5. பெயர் ஒன்று, ஆள் இரண்டு.

எங்கள் தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், மேல் லயத்தாள் ஒருத்தி, கீழ் லயத்தாள் ஒருத்தி. ஒருத்தியின் சம்பளத்தை மற்றவளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு கணக்கப்பிள்ளை பட்டபாடு இன்றும் அங்கே கதை. மைஎஸ்கியூஎல் இதை நன்றாக அறிந்தது. அதற்குப் பெயர் மட்டும் போதாது, பெயரும் வரும் இடமும் சேர்ந்ததுதான் ஓர் ஆள். அதே இயந்திரமான லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் குமாரும் எங்கிருந்தும் வரலாம் என்று எழுதிய குமாரும் அதற்கு இரண்டு பேர், இரண்டு கடவுச்சொல், இரண்டு உரிமை. அதிலும் இடத்தைக் குறிப்பாகச் சொன்ன வரியைத்தான் முதலில் பார்க்கும். பழைய நிறுவல்களில் பெயரே இல்லாத ஓர் அநாமதேயக் கணக்கு லோக்கல்ஹோஸ்டில் உட்கார்ந்திருக்கும். எங்கிருந்தும் வரலாம் என்று மட்டும் எழுதிய குமார் அதே இயந்திரத்திலிருந்து சரியான கடவுச்சொல்லோடு வந்தாலும் அந்தப் பேரில்லாதவன் முந்திக்கொண்டு கதவை அடைத்துவிடுவான்.

இன்னொன்று. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் உள்வாசலான சொக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் நெட்வேர்க் வாசலைச் சுற்றிக்கொண்டு வரும். எல்லாரும் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். மறுப்புச் செய்தியில் பெயருக்குப் பக்கத்தில் சேர்வர் உன்னை எங்கிருந்து வந்தவளாகப் பார்க்கிறது என்று எழுதியிருக்கும். உன்னைப் பற்றி நீ நினைப்பதை விட்டுவிட்டு, அது நினைப்பதைப் பார்.

6. "இன்றிரவு மட்டும்" என்று சொல்லாதே.

இதை எழுத இன்றும் கை கூசுகிறது. எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய்.

ஒரு மாதக் கடைசி. சம்பளக் கணக்கு முடிய வேண்டும். புதிய மென்பொருளுக்கு உள்ளே போக முடியவில்லை. மேலாளர் பின்னால் நின்று மூச்சு விடுகிறார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கோப்பின் தலையில் ஒரு வரி எழுதினேன்: எந்த முகவரியிலிருந்தும், எந்தப் பெயரிலும், கடவுச்சொல் கேட்காமல் விடு. 0.0.0.0/0, டிரஸ்ட். டிரஸ்ட் என்றால் நம்பிக்கை. எவ்வளவு நல்ல சொல், எவ்வளவு மோசமான வரி! சம்பளம் ஓடியது. மேலாளர் முதுகில் தட்டினார். நாளைக் காலையில் எடுத்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

நான்கு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காகக் கோப்பைத் திறந்தபோது அந்த வரி அங்கேயே இருந்தது. சேர்வர் இணையத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு மாதத்தில் யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று தேடினேன். வருகிறவர்களைக் குறித்துவைக்கும் அமைப்பையும் நான் போட்டிருக்கவில்லை, தானாக அது ஓடுவதில்லை. அந்த நான்கு மாதத்தைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் நடக்காமலும் இருந்திருக்கலாம். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். சொல்ல மூன்று நாள் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வஸ்கமுவ காட்டை ஒட்டிப் பயிர் செய்கிற யாரிடமாவது, "இன்றிரவு மட்டும் யானை மின்வேலியை அணைத்துவிட்டேன்" என்று சொல்லிப் பார். உன்னை அவர்கள் பார்க்கிற பார்வையை மறக்காதே. 2017 ஜனவரியில் உலகமெங்கும் மொங்கோடிபி தரவுத்தளங்கள் பத்தாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அழித்தவர்களுக்கு இருக்கவில்லை. கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தவை அவை. அவற்றில் எத்தனை என்னைப்போன்ற ஒருவனின் "இன்றிரவு மட்டும்" என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உண்மையிலேயே அவசரம் என்றால் ஒரே ஒரு முகவரிக்கு, ஒரே ஒரு பெயருக்கு, கடவுச்சொல்லோடு வரி எழுது. எடுக்க வேண்டிய நேரத்தைப் போனில் மணியடிக்க வை. மலைக்கு அப்பாலிருந்து வரும் இணைப்பு என்றால், மறைகுறியிட்ட இணைப்பை மட்டும் ஏற்கும் வரியாக இருக்கட்டும்.

7. கதவில் சொல்வது கொஞ்சம், குறிப்பேட்டில் எழுதுவது அதிகம்.

மைக்ரோசொப்ட் சேர்வரில் 18456 என்றொரு பிழை எண் அடிக்கடி வரும். வாசலில் நிற்கிறவருக்கு அது எப்போதும் நிலை 1 என்றே சொல்லும். ஆனால் சேர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்தால், நிலை 5 என்றால் அப்படியொரு பெயரே இல்லை, நிலை 8 என்றால் பெயர் சரி, கடவுச்சொல் பிழை என்று உண்மையை எழுதிவைத்திருக்கும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. "அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று வாசலில் சொன்னால், திருடனுக்கு அதுவே பாதி வழி. போஸ்ட்கிரெஸுக்கும் இதே குணம்தான். ஆகவே திரையைப் பார்த்து ஊகித்துக்கொண்டே இருக்காதே. எழுந்து போய்க் குறிப்பேட்டைப் பார். எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர்கள் பலர் ஊகத்திலேயே நரைத்துப்போனார்கள்.

8. சிரிக்காதே, விசைப்பலகையைப் பார்.

லக்கலையில் ஒரே கணினியில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் தட்டுவார்கள். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிதான் தெரியும். விசைப்பலகை விஜேசேகரவிலோ ரங்கநாதனிலோ நின்றால் புள்ளிக்குப் பின்னால் என்ன விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. ஓர் அம்மாவின் கணக்கு இப்படி நாலு தரம் பூட்டுப்பட்டது. நான் அவருக்கு மறதி என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன், ஆனால் மன்னிப்பு எல்லார் முன்னாலும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கடவுச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்ட வெற்றிடம், மென்பொருள் சேமித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பும் பழைய கடவுச்சொல், இவையும் இந்த இனம்தான்.

9. பழசைத் திட்டாதே, அதற்காகப் புதுசைக் கெடுக்காதே.

2018இல் மைஎஸ்கியூஎல் 8.0 வந்தபோது கடவுச்சொல் சரிபார்க்கும் வழக்கமான முறை மாறியது. 2021இல் போஸ்ட்கிரெஸ் 14 வந்தபோது எம்டி5 முறை போய் ஸ்க்ராம் முறை வழக்கமாயிற்று. இரண்டு தடவையும் ஊரெல்லாம் ஒரே கூக்குரல்: நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று உள்ளே போகவில்லை. சேர்வர் புது மொழியில் கேள்வி கேட்கிறது, பழைய கிளையண்டுக்கு அந்த மொழி தெரியாது. "பத்தாம் எண் முறையை அறியேன்" என்று அது திகைத்து நிற்கும்.

சுலபமான வழி, சேர்வரைப் பழைய முறைக்கு இறக்குவது. நானும் இறக்கியிருக்கிறேன். சரியான வழி கிளையண்டின் டிரைவரைப் புதுப்பிப்பது. போஸ்ட்கிரெஸில் ஒரு நல்ல இடைப்பாதையும் உண்டு. கோப்பில் எம்டி5 என்று எழுதிய வரி, ஸ்க்ராமில் சேமித்த கடவுச்சொல்லையும் ஸ்க்ராம் முறையிலேயே சோதித்து ஏற்கும். ஆகவே முதலில் டிரைவர்கள், பிறகு ஒவ்வொருவராகக் கடவுச்சொல்லைப் புதிதாக வைக்கச் செய்தல், எல்லாரும் முடிந்ததும் கடைசியில் வரியை மாற்றுதல். வரியை முதலில் மாற்றினால் காலையில் எல்லாரும் வெளியே நிற்பார்கள். இந்த வரிசையை நடத்துவதில் கணினி அறிவு கொஞ்சம்தான். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும் கணக்காளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புதுக் கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாகத் தட்டினாலும் அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் பெரிய வேலை.

10. பூட்டுச் செய்கிறவனும் மனிதன்.

2012இல் மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் ஒரு பிழை வெளியே வந்தது. கடவுச்சொல்லை ஒப்பிடும் ஒரே இடத்தில் ஒரு சின்னக் கவனக்குறைவு. சில வகை நிறுவல்களில், சரியான பெயர் தெரிந்தவன் எந்தக் கடவுச்சொல்லைத் தட்டினாலும் 256 தடவைக்கு ஒரு தடவை போலக் கதவு திறந்துவிடும். 256 தடவை தட்ட ஒரு நிரலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்குத் தப்பியவர்கள் நல்ல கடவுச்சொல் வைத்திருந்தவர்கள் என்று சொல்ல முடியாது. வெளி முகவரிகளுக்குக் கதவையே காட்டாமல் வைத்திருந்தவர்கள்தான். முகவரி வரியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவது அதனால்தான்.

11. யார் கேட்கிறார்கள் என்று பார்.

உன்னிடம் எல்லாக் கதவின் சாவியும் இருக்கும். ஒரு நாள் யாராவது, மேலே இருப்பவராகவே இருக்கலாம், "அவருடைய கணக்கில் ஒருக்கா என்னை உள்ளே விடு" என்பார். எனக்கும் சொன்னார்கள். முதல் தடவை விட்டேன். அவர் பார்க்க விரும்பியது ஒரு பெண்ணின் விடுமுறைப் பதிவு. அதை வைத்து என்ன செய்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது தடவை, எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். எழுத்தில் வரவேயில்லை.

சட்டமும் உன் பக்கம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியில்லாமல் நுழைவதைக் குற்றம் என்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. ஆனால் சட்டத்தை எடுத்து மேசையில் வைக்குமுன் பணிவாக "எழுத்தில் தாருங்கள் சேர்" என்று சொல்லிப் பார், முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர், வேலைக்குத் தேவையான அளவு மட்டும் உரிமை. பத்துப் பேருக்கு ஒரே கடவுச்சொல் என்றால், அது விசைப்பலகைக்கு அடியில் ஒட்டிய தாளில் இருக்கும் என்று வைத்துக்கொள்.

2004 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வலர்கள் சில வாரங்களில் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும்தான் அதன் எலும்பு. காணாமற்போனவர்களின் விவரங்களை அதில் பதிந்து தேடினார்கள். அப்படிப்பட்ட பட்டியலை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று ஒரு நிமிடம் யோசி. நீ எழுதப்போகும் வரி என்னவென்று விளங்கும்.

12. எழுதி வை.

மாத்தளைக்கு வடக்கே அலுவிகாரையைத் தாண்டித்தானே பள்ளிக்கூடச் சுற்றுலா போனாய். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் கண்ட பிக்குகள், மனப்பாடமாகச் சொல்லி வந்த புத்தரின் போதனைகளை அங்கே ஓலையில் எழுதினார்கள். மனப்பாடம் செய்தவர்கள் செத்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம். உன் சேர்வரின் கதையும் உன் தலைக்குள் மட்டும் இருந்தால் அதே ஆபத்துதான். எந்த வரியை எப்போது, யாருக்காக, ஏன் சேர்த்தாய் என்று கோப்பிலேயே வரிக்கு மேல் குறிப்பாக எழுது, ஒரு கொப்பியிலும் எழுது. நான் குடிமாறிய கந்தோரின் வரியை மறந்தது எழுதாததால். டிரஸ்ட் வரியை மறந்ததும் அதனால்தான்.

தரவின் நகலையும் இதோடு சேர்த்துக்கொள். 2023இல் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்பம் கேட்கும் நச்சுநிரலுக்கு இரையாகி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் ஏறக்குறைய 5000 முகவரிகளில் அழிந்தன. அந்த நாட்களுக்கு மீட்டெடுக்க நகல் இருக்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணு. மலைப்பாதையில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் கொண்டு போ. ரிவர்ஸ்டனில் ஸ்வெட்டர் வேண்டும், கீழே லக்கலையில் இறங்கினால் வேர்க்கும். முதல் நாள், முதல் மறுப்பு வந்ததும் எதையும் தொடாமல் எனக்குப் போன் எடு. "உள்ளுக்கு விடுதில்லை" என்று சொல்லாதே. திரையில் இருப்பதை வாசி, மாமா பேனாவோடு இருப்பேன்.